சமுதாயக்கூடம் கடலுக்குப் போன சித்திரை

சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் சிப்பிமுனையில் விசைப்படகுகளெல்லாம் கரையோரம் வரிசையாகக் கட்டிப்போடப்படும், படகுக்காரர்களெல்லாம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள், படகாவது கட்டின இடத்தில் கிடக்கும், இவர்கள் கிடக்க மாட்டார்கள், அடுப்படியில் எட்டிப் பார்த்து குழம்புக்குப் புளி கூடிப்போச்சு என்பார்கள், கொடியில் காயும் துணியைத் திருப்பிக் காயப்போடச் சொல்வார்கள், பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்திவிட்டு மறுநாள் பழைய இடத்துக்கே நகர்த்துவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெண்கள் ஒரு வருஷம் கூடிப் பேசி, ஆண்களை மொத்தமாக வீட்டைவிட்டுக் கிளப்புவதற்காக இளவேனில் விழா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் நாள் கலை, இரண்டாம் நாள் சினிமா, மூன்றாம் நாள் ஊர் வரலாறு. கலையையும் பண்பாட்டையும் வளர்ப்பதற்காக என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நோட்டீஸில் உண்மையையா போட முடியும்?

சினிமா என்றால் வருஷா வருஷம் ஒரே சினிமாதான். எங்கள் ஊரில் எடுத்தது அந்த ஒன்றைத்தான். நாங்களெல்லாம் இளவட்டமாக இருந்தபோது ஒரு கம்பெனி வந்து தங்கி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதில் ஊரின் எல்லா வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று இருக்கும், ஒரு வீட்டின் ஆடு இருக்கும், ஒரு வீட்டின் வலை இருக்கும், ஒருத்தரின் முழங்கை மட்டும் இருக்கும், அந்த முழங்கை வரும் இடத்தில் அவர் குடும்பமே எழுந்து நின்று கைதட்டும். கதை சின்னக் கதைதான். மீனவனான கதாநாயகன் புயலில் தனியாகப் படகெடுத்துப் போகிறான், கரைக்காற்று அவனைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது, கதாநாயகி கரையில் ஓடி விழுந்து அழுகிறாள், அவன் திரும்பவே இல்லை.

கதாநாயகனாக நடித்தவருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. ஆகவே அந்தக் காட்சியில் அவருடைய பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு படகை விட்டது எங்கள் லெயோன். டூப்பின் முகம் தெரியக் கூடாது, செத்தாலும் திரும்பக் கூடாது என்று டைரக்டர் சொல்லித்தான் ஏற்றிவிட்டார். படகில் இரண்டாவது ஆளாக லெயோனின் தம்பி கஸ்பார் போயிருக்க வேண்டும். படகைத் தள்ளியதும் கஸ்பார் தலைசுற்றி, கேமராக்காரரின் வெள்ளைக் கால்சட்டைமேல் வாந்தியெடுத்து, தண்ணீரில் குதித்து, மண்ணில் ஏறி, முழங்காலுக்குள் தலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லெயோன் தனியாகப் போனான். படப்பிடிப்பு முடிந்ததும் திரும்பி வந்தான், சட்டையைக் கேட்டான், கம்பெனிக்காரர்கள் கொடுக்காமல் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு ஒரு ஐப்பசியில் சொந்தச் சட்டையோடு கடலுக்குப் போனவன் நிஜமாகவே திரும்பவில்லை.

கடல் ஒத்துக்கொள்ளாத மீனவனை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்? சமுதாயக்கூடத்தின் சாவியைக் கையில் கொடுத்தது. கடலுக்கும் தெருவுக்கும் நடுவே மணலில் நிற்கிற தகரக்கூரைக் கட்டடம் அது. தெருப்பக்கம் வாசல், கடல்பக்கம் மேடை. அன்றிலிருந்து கஸ்பாருக்கு அதுதான் வீடு, அதுதான் பெண்டாட்டி, அதுதான் பிள்ளை, கூட்டினான், கழுவினான், வெற்றிலை துப்பியவனை விரட்டினான், சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு தூங்கினான். ஊர் அவனுக்குக் கரைக்கஸ்பார் என்று பெயர் வைத்தது. அதற்குக்கூட அவன் கோபப்பட்டதில்லை. மனசு சரியில்லாத நாளில் மட்டும் யாரிடமாவது சொல்வான்: “அன்னைக்கி அண்ணன் என்னய திரும்பிக்கூடப் பாக்காமப் போனான். அவ்வளவு அவமானம் அவனுக்கு என்னால.”

சினிமாவில் கடலைப் பார்த்தாலும் அவனுக்குக் குமட்டும். புயல் காட்சி வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். அதே நேரம் விழாத் தலைவி அமலோற்பவம் எழுந்துவிடுவாள். அவள் லெயோனின் மனைவி. ஊரையே அதட்டி வேலைவாங்குகிறவள், பங்குச்சாமியாரையே நன்கொடை விஷயத்தில் அழவைத்தவள், அந்தக் காட்சி வந்தால் மட்டும் “டீ என்னாச்சின்னு பாத்துட்டு வாரேன்” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போவாள். டீக்காரர் போட்டு ஆறவைத்தே வைத்திருப்பார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வருஷம் விழாவின் வெள்ளைத் திரையை யாரோ கருவாடு காயவைக்க எடுத்துப்போய், அது திரையாக இருக்கிற யோக்கியதையை இழந்துவிட்டது. அமலோற்பவம் ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். மூன்றாம் நாள் வரலாற்றுக் கண்காட்சிக்காக ஒரு பழைய தோணியின் பாயைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி. பாயைத் துவைத்து, நீலம் போட்டு, மேடையின் இரண்டு தூணுக்கும் நடுவே கட்டச் சொன்னாள். கஸ்பார்தான் கட்டினான். காற்று வரட்டும் என்று மேடைக்குப் பின்னால் கடல்பக்கக் கதவுகளைத் திறந்துவைத்ததும் அவன்தான்.

படம் ஓடியது. ஆடு வந்தது, கைதட்டல். முழங்கை வந்தது, கைதட்டல். புயல் வந்தது. கஸ்பார் கண்ணை மூடினான், அமலோற்பவம் எழுந்தாள், அந்த நேரம் படத்துக்குள்ளிருந்த கரைக்காற்று பாயைப் பிடித்துக்கொண்டு கடல்பக்கமாகப் புடைத்தது. அப்போது யாராவது கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தால் பாய் படபடத்துக் கீழே விழுந்திருக்கும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கடலாடிகள். காற்றுப் பிடித்த பாயைக் கண்டதும் அவர்கள் கை அவர்களைக் கேட்கவில்லை, பாய்ந்துபோய் மேடையில் ஏறிக் கயிற்றைப் பிடித்து, “இழுல! இழுத்துக் கட்டுல!” என்று கத்திக்கொண்டே முறுக்கிக் கட்டிவிட்டார்கள். கூடம் அடித்தளத்திலிருந்து கழன்று, மணலில் சறுக்கி, மெத்தென்று தண்ணீரில் இறங்கி, உள்ளேயிருந்த சனம் மொத்தத்தோடும் கடலுக்குள் போனது.

முதலில் பேசியது பின்வரிசையிலிருந்த ஒரு பெண். “ஐயோ, செருப்பு வெளிய கெடக்கே!”

அப்போதுதான் எல்லோருக்கும் பதறியது. வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் மொத்தமும் கரையில் குவியலாகக் கிடந்தன, கூடம் மட்டும் வந்துவிட்டது. நாய் தூக்கிப்போய்விடுமே என்றார்கள், போன கிறிஸ்துமஸுக்கு வாங்கினது என்றார்கள். அதற்குள் கூடம் பெண்கள் பக்கமாகச் சாயத் தொடங்கியது. எங்கள் கூடத்தில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவே கயிறு, கட்டின நாள்முதல் அப்படித்தான். ஆண்களில் பாதிப் பேர் பீடி குடிக்க வெளியே போய்க் கரையிலேயே நின்றுவிட்டதால் வலப்பக்கம் கனம் போதவில்லை. சாமியார் கரையில் இருக்கிற தைரியத்தில் நடுக்கயிற்றை அவிழ்த்துப் பாதிப் பெண்களை வலப்பக்கம் உட்காரவைத்தார்கள், கூடம் நிமிர்ந்தது, கல்யாணமாகாத பிள்ளைகள் சிலருக்குக் கடற்பயணம் பிடித்துப்போனது.

படத்தை நிறுத்தியதும் காற்று நின்றது. ஓட ஓட நங்கூரம் தேடினார்கள். சமையலறையில் இருந்த ஆட்டுக்கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள், கல் தரையைப் பிடித்துக்கொண்டது. காலையில் இட்லிக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மாவாட்ட வேண்டுமென்றால் நங்கூரத்தைத் தூக்க வேண்டும், தூக்கினால் கூடம் நகரும். உப்புமா என்று அமலோற்பவம் தீர்ப்புச் சொன்னாள்.

படகு உரிமையாளர் சங்கத் தலைவர் தொபியாஸ் மேடையேறினார். நல்ல கடலாடி, அதைவிட நன்றாகத் தன்னைப் பற்றிப் பேசக்கூடியவர். “கட்டடமா இருந்த வரைக்கும் கஸ்பார்ட்ட சாவி இருந்துச்சு, சரி. இப்ப இது கலம். கடல் தெரியாதவன்ட்ட கலத்தக் குடுத்தா நாளைக்கி இது யாழ்ப்பாணத்துல போய் நிக்கும். ஏல கஸ்பாரு, சாவியத் தா.”

கஸ்பார் தூணைக் கட்டிப்பிடித்தபடி ஒரு வாளிக்குள் முகத்தை வைத்திருந்தான். வாளிக்குள்ளிருந்தே சொன்னான்: “தரமாட்டேன்.”

“என்னல?”

முகத்தை வெளியே எடுத்தான். “தரமாட்டேன்னேன், அண்ணே. சாவி எவன்ட்ட இருக்கோ அவன்தான் தண்டல். தோணியில அதான வழக்கம்? தண்ணியில நிக்கும்போது தண்டல மாத்தக்கூடாதுல்லா? ஏங் கூடத்த நானே கரைக்குக் கொண்டுபோய்ச் சேப்பேன்.” சொல்லிவிட்டு மறுபடி வாளிக்குள் போனான்.

வழக்கம் அதுதான், மறுக்க முடியவில்லை. தோணியில் மாலுமிகளுக்கெல்லாம் தலைவன் தண்டல், அவனை நடுக்கடலில் மாற்றுவது பாவம். தொபியாஸ் தாடையைத் தடவிக்கொண்டு கெடு வைத்தார். நாளைச் சாயங்காலம் பூசைக்கு மணியடித்து முடிப்பதற்குள் கூடம் கரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் சாவி தன்னிடம் வர வேண்டும், தடைக்காலம் முடிந்ததும் கூடத்தை மீன்பிடித் தொழிலுக்கு விடப்போவதாகவும் சொன்னார். ஐஸ்பெட்டியை எங்கே வைப்பது என்று அப்போதே அளந்து பார்த்தார். கஸ்பார் அதைக் கேட்டு அழுதான். உண்மையாகவே அழுதான், எங்களுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் வரலாற்றுக் கருத்தரங்கு. நோட்டீஸில் போட்ட நிகழ்ச்சியை எப்படி நிறுத்துவது என்று அமலோற்பவம் கேட்டாள். கரையில் மாட்டிக்கொண்டவர்களும், பேச்சாளர்களும், டீக்காரரும், பஞ்சுமிட்டாய்க்காரரும் துடுப்புப் போடும் வள்ளங்களில் வந்து இறங்கினார்கள். ‘சிப்பிமுனைச் சமுதாயக்கூடம் ஊரின் கிழக்கே கடற்கரையில் அமைந்துள்ளது’ என்று கட்டுரை எழுதி வந்த பேராசிரியர் பேனாவை எடுத்து ‘கடற்கரைக்குச் சற்று அப்பால்’ என்று திருத்திக்கொண்டார். முதலில் குடியேறியது வடக்குத் தெருவா தெற்குத் தெருவா என்று வழக்கம்போலச் சண்டை வந்தது, ஆனால் வெளிநடப்பு செய்ய யாருக்கும் வழியில்லாததால் சிப்பிமுனையின் வரலாற்றில் முதல்முறையாக எல்லோரும் எல்லோருடைய உரையையும் கடைசிவரை கேட்டார்கள்.

மத்தியானம் மீன்துறை அதிகாரி ஒருவர் படகில் வந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார்.

“இயந்திரம் பொருத்திய எந்தக் கலமும் தடைக்காலத்துல கடல்ல இருக்கக்கூடாது. அந்த மூலையில என்ன இயந்திரம்?”

“ஜெனரேட்டர் சார். கரண்டுக்கு.”

“கரண்டு எதுக்கு?”

“சினிமாவுக்கு.”

“சினிமா எதுக்கு?”

“காத்துக்கு” என்று தொபியாஸ் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அப்ப இயந்திரத்தாலதான் ஓடுது” என்றார் அதிகாரி, நிதானமாக. “தண்டல் யாரு?”

வாளியோடு கஸ்பார் கையைத் தூக்கினான். வழக்குப் போட அதிகாரி பேனாவைத் திறந்தபோது அமலோற்பவம் மைக்கைப் பிடித்தாள். “நம்ம சிறப்பு விருந்தினர் வந்துட்டாவ. எல்லாரும் கைதட்டுங்க.” வரவேண்டிய சிறப்பு விருந்தினர் கடலில் நடக்கும் விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பொன்னாடை ஒன்று மிச்சமிருந்தது. அது தோளில் விழுந்ததும் அதிகாரி பேனாவை மூடினார். மீன்வளம் பற்றிப் பேசினார், சாப்பிட்டார், குழம்பில் கிடப்பது புதுமீனா என்று ஒரு சந்தேகம் கேட்டார், கருவாடு என்று நிரூபித்துக் காட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கூடம் கரையேறினால் தான் எதையும் பார்க்கவில்லை என்றும், ஏறாவிட்டால் தண்டல்மேல் வழக்கு நிச்சயம் என்றும் சொல்லிவிட்டு, பொன்னாடையோடு இறங்கிப்போனார்.

வள்ளங்களைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். கூடம் அசையவில்லை. வானத்தில் காற்று துளி இல்லை. படத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஓட்டினார்கள், ஆட்டுக்கல்லையும் இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. தொபியாஸ் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

படம் ஓட்டும் செல்லமுத்து கோவில்பட்டிக்காரர். நீச்சல் தெரியாது. நேற்று மாலையிலிருந்து புரொஜெக்டரோடு தன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமலோற்பவம் அவரிடம் போய், “அண்ணாச்சி, வந்தது அந்தக் காத்துலதான? அதே காத்தத் திருப்பிவிட முடியாதா?” என்றாள்.

“ரீல பின்னால ஓட்டலாம்க்கா. சுவிட்சு இருக்கு. ஆனா கதை தலைகீழாப் போவுமே.”

“கதை எங்கிட்டுப் போனா என்ன, கூடம் கரைக்குப் போவணும்” என்றாள்.

ஆட்டுக்கல்லைத் தூக்கினார்கள். வெளிச்சம் வராமல் கடல்பக்கக் கதவைச் சாத்தி மறைத்து, முடிவிலிருந்து படத்தை ஓட்டினார்கள். கல்லறையிலிருந்து பூக்கள் எழுந்து பெண்களின் கைக்குப் போயின, அழுதவர்களின் கண்ணீர் கன்னத்தில் ஏறிக் கண்ணுக்குள் புகுந்தது. “தொபியாஸ் அண்ணே, நேராப் பிடிக்கக் கரையில குறி எங்க?” என்று கஸ்பார் கேட்டான். தொபியாஸ் வாசலுக்கு ஓடிப்போய்க் கரையைப் பார்த்தார், கடல் விஷயம் என்று வந்துவிட்டால் அவருக்கு விரோதம் மறந்துபோகும். “செருப்புக் குவியல் நேர தெரியுது! அதயே பிடி!”

கஸ்பார் மேடையில் நின்றான். இரண்டு கயிறும் இரண்டு கையில், வாளி காலடியில். பாயைப் பார்க்காமல் தண்டல் வேலை செய்ய முடியாது, கண்ணை மூடினால் கூடம் எங்கேயாவது போய் முட்டும். புயல் வந்தது. பாய் இந்த முறை உள்பக்கமாக, எங்கள் முகத்தை நோக்கிப் புடைத்தது, கூடம் ஒரு குலுங்கு குலுங்கிக் கரைப்பக்கம் கிளம்பியது. அமலோற்பவம் வழக்கம்போல எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வாசலுக்கு வெளியே தண்ணீர். டீக்காரர் சரக்குத் தீர்ந்து எப்போதோ வள்ளத்தில் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அடிவானத்தில் புள்ளியாக இருந்த படகு பின்பக்கமாக நகர்ந்து வந்தது. அதில் பூப்போட்ட சட்டையோடு லெயோனின் முதுகு. அலைகள் உடைவதற்குப் பதிலாக ஒட்டிக்கொண்டன, மழை மேலே ஏறியது, முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. விழுந்து கிடந்த கதாநாயகி எழுந்து, பின்புறமாகவே ஓடி, திரையைவிட்டு வெளியே போனாள். கரையும் படகும் லெயோனும் மட்டும் மீதி. அப்போது, படகு கரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், லெயோன் திரும்பினான். செத்தாலும் திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தும் முழு முகமாகத் திரும்பினான். மண்ணில் ஒரு இடத்தைப் பார்த்துச் சிரித்தான், பக்கத்தில் காலியாக இருந்த பலகையைத் தட்டிக்காட்டி, வா என்று கையசைத்தான். பிறகு, படப்பிடிப்பைப் பார்க்க அன்றைக்குக் கரையில் கூடியிருந்த கூட்டத்தில் வேறொரு இடத்தைத் தேடிப் பார்த்து, சட்டைக் காலரை இரண்டு விரலால் தூக்கிவிட்டுக் காட்டினான்.

கஸ்பார் கயிற்றை விடவில்லை. முகமெல்லாம் நனைந்து நின்றான்.

“சட்டயக் காட்டுதாரு” என்றாள் அமலோற்பவம், யாரிடமும் இல்லாமல். “அன்னைக்கி நான் வெக்கப்பட்டுத் தலயக் குனிஞ்சிக்கிட்டேன். பாக்கவே இல்ல. ஏ, என்னயப் பாத்துச் சட்டயக் காட்டிருக்காருடி.” சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பக்கத்திலிருந்தவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூசை மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. கோபுரத்திலிருந்து கூடம் வருவதைப் பார்த்துவிட்ட கோயில்பிள்ளை, பூசைக்கு மணியடிக்கிறவர், மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார், கை வலிக்க வலிக்க அடித்தார், கூடம் மணலில் ஏறி, சறுக்கி, செருப்புக் குவியலுக்கு முன்னால் வாசல் வந்து நின்ற பிறகுதான் கயிற்றை விட்டார்.

“மணி இப்பந்தான் முடிஞ்சிது” என்றார் தொபியாஸ். நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார்.

கஸ்பார் அவரிடம் வந்தான். “அண்ணே, அண்ணன் திரும்பிப் பாத்தான்.”

“ஆமா.”

“என்னயக் கூப்புட்டான்.”

“ஆமா, வருஷா வருஷம் கூப்புடத்தான செய்யான்.” தொபியாஸ் அவனை உற்றுப் பார்த்தார். “ஏல, ஒனக்குத் தெரியாதா?”

எங்கள் எல்லோருக்கும் தெரியும். கதாநாயகி ஓடி வந்து விழுவதற்கு முன்னால் லெயோன் திரும்பிப் பார்ப்பான், கம்பெனிக்காரர்கள் வெட்டாமல் விட்ட இடம் அது, எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், பேரன்களுக்குத் தெரியும். இந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. “நீ பாத்துட்டு, தாங்க முடியாமத்தான் கண்ண மூடிக்கிடுதன்னு நெனச்சோம்” என்று தொபியாஸ் சொன்னார். “மதினியும் அதுக்குத்தான் வெளிய போறாவன்னு நெனச்சோம். திரும்பிக்கூடப் பாக்கலன்னு நீ சொல்லும்போதெல்லாம், அவன் சாவப்போன அன்னைக்கிப் பாக்காமப் போனதச் சொல்லுதன்னுல நெனச்சோம்.” இத்தனை வருஷம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்த ஊருக்கு இப்படி ஒரு புத்தி.

நாங்கள் செருப்பைத் தேட எழுந்தோம். அமலோற்பவம் எழவில்லை. “அண்ணாச்சி, அந்த எடத்த மட்டும் இன்னொருக்கப் போடுங்க” என்றாள்.

“முன்னாலயா பின்னாலயா?” என்று செல்லமுத்து தன்னைக் கட்டிய கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார்.

“ரெண்டும்.”

“மொதல்ல பாய அவுங்கல!” என்று கஸ்பார் அலறினான். முன்வரிசைக் கடலாடிகளின் கைகளைப் பின்னால் கட்டச் சொல்லி, பாயைத் தூணிலிருந்து அவிழ்த்து, நான்கு பெண்களைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிறகு வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்குக் கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு அலைகளைப் பார்த்தான். வாந்தி எடுக்கத்தான் செய்தான். ஆனால் அண்ணன் திரும்பிப் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்தான்.